2 கிலோ ஃபிக்ஸட் விங் ட்ரோன்: எக்ஸெல் ஷீட்ல இருந்து முதல் ஃப்ளைட் வரைக்கும்

ஏரோ சேந்த புதுசுல ஒரு குட்டி விமானம் பண்ணிப் பறக்க விடணும்னு டீம் போட்டுக் கிளம்புற பசங்களுக்காக இதை எழுதுறேன். பொதுவா என்ன நடக்கும்னா, விங் ஒருத்தருக்கு, மோட்டார் ஒருத்தருக்கு, எலக்ட்ரானிக்ஸ் இன்னொருத்தருக்குன்னு பிரிச்சுக்குவாங்க, அவங்கவங்க வேலையை நல்லாத்தான் பண்ணுவாங்க, கடைசி வாரம் எல்லாத்தையும் ஒண்ணா சேக்கும்போது பேட்டரி அறைக்குள்ள பேட்டரி போகாது, எடை கால் கிலோ கூடியிருக்கும், வீடியோவை ஆன் பண்ணா ஜிபிஎஸ் காணாம போயிடும். சிஸ்டம்ஸ் இன்டெக்ரேஷன்னா கடைசில வயர் சொருகுறதுன்னு நினைக்கிறதால வர்ற வினை இது. அந்த வேலை முதல் நாளே ஆரம்பிச்சாகணும், ஏன்னா நீங்க எங்க எதை வைக்கிறீங்கங்கிறதுதான் அது எப்படிப் பறக்கும்னு முடிவு பண்ணுது.

உதாரணத்துக்கு ஒரே ஒரு விமானத்தை எடுத்துக்கிட்டு முழுசா போவோம். எலக்ட்ரிக், முன்னாடி ஒரு ப்ரொப்பெல்லர், சாதாரண வால், ஒரு கேமரா, 2 கிலோவுக்குள்ள.

1. எடை ஷீட்

சாஃப்ட்வேரை அப்புறம் திறக்கலாம், முதல்ல ஒரு எக்ஸெல் ஷீட். நான் போடுற மாதிரி: ஏர்ஃப்ரேம் 700 கிராம், மோட்டார், அதோட வேகத்தைக் கட்டுப்படுத்துற ஈஎஸ்சி, ப்ரொப் சேத்து 230, பேட்டரி 500, விங்லயும் வால்லயும் அசையுற பலகையைத் திருப்புற குட்டி மோட்டார், அதாவது சர்வோ, நாலும் அதோட கம்பி ஹார்ன் எல்லாம் 80, ஆட்டோபைலட் ஜிபிஎஸ் ரிசீவர் டெலிமெட்ரி 110, வயர் கனெக்டர் பசை டேப் 80, கேமரா 150. மொத்தம் 1850. வயருக்கும் பசைக்கும் தனி வரி போடாத ஷீட்டை நம்பாதீங்க, எல்லா டீமும் மறக்குற வரி அதுதான்.

2000 வரைக்கும் போகலாமே, ஏன் 1850-ல நிறுத்தணும்னு கேப்பீங்க. ட்ரோன் ரூல்ஸ் 2021 படி 250 கிராமுக்கு மேல 2 கிலோ வரைக்கும் மைக்ரோ, அதைத் தாண்டினா 25 கிலோ வரைக்கும் ஸ்மால். மைக்ரோவை வியாபார நோக்கம் இல்லாம பறக்க விட ரிமோட் பைலட் சான்று தேவையில்லை, ஸ்மாலுக்கு அந்தச் சலுகை கிடையாது. இந்த எடைல கேமராவும் சேத்திதான். பேப்பர்ல 2 கிலோன்னு போட்டா கைல வர்றது 2.2 கிலோ, அதனால 150 கிராமை இப்பவே ஒதுக்கி வச்சுடுங்க. கல்வி நிறுவனத்துல ஆராய்ச்சிக்காகப் பறக்க விடுறதுக்குத் தனி விலக்கு இருக்கு, ஆனா அது கிரீன் ஸோன்ல (முன் அனுமதி இல்லாம பறக்க விடலாம்னு மேப்ல பச்சையா குறிச்ச இடம்), உங்க நிறுவனத்தோட வளாகத்துலயோ இல்ல அவங்க கட்டுப்பாட்டுல இருக்குற திறந்த இடத்துலயோதான் செல்லும். அரசோட டிஜிட்டல் ஸ்கை மேப்பைத் திறந்து உங்க கிரவுண்ட் எந்தக் கலர்ல இருக்குன்னு முதல் வாரமே பாருங்க. குரோம்பேட்டை, தாம்பரம் பக்கம் இருக்குற பசங்க இதைக் கட்டாயம் பாக்கணும், ஒரு பக்கம் மீனம்பாக்கம், இன்னொரு பக்கம் ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷன், ரெண்டுக்கும் நடுவுல விமானத்தைக் கட்டி முடிச்சுட்டு இடம் தேடினா கிடைக்காது.

ஒவ்வொரு பார்ட் கைக்கு வந்ததும் தராசுல வச்சு, டேட்டாஷீட் எடைக்குப் பக்கத்து காலத்துல (column) நிஜ எடையை எழுதுங்க. ஈஎஸ்சி எடையை வயர் இல்லாம போட்டிருப்பான் கடைக்காரன்.

2. விங்கும் ஸ்டால் ஸ்பீடும்

விங் நீளம் 1.5 மீட்டர், அகலம் அதாவது கார்ட் 25 சென்டிமீட்டர், நேர் செவ்வகம். பரப்பு 0.375 சதுர மீட்டர், ஆஸ்பெக்ட் ரேஷியோ, அதாவது நீளத்தை அகலத்தால வகுத்தா வர்றது, 6. டேப்பர், ஸ்வீப் எல்லாம் பாக்க அழகா இருக்கும், முதல் விமானத்துக்கு வேண்டாம், செவ்வக விங் நடுவுல இருந்து ஸ்டால் ஆகும் (வேகம் குறைஞ்சு, மூக்கு ரொம்பத் தூக்கி, விங் லிஃப்டை இழக்கிறதுதான் ஸ்டால்), நுனியில ஐலெரான், அதாவது விமானத்தைப் பக்கவாட்டுல சாய்க்கிற பலகை, கடைசி வரைக்கும் கொஞ்சம் வேலை செய்யும், அதோட எல்லா ரிப்பும் ஒரே சைஸ்ங்கிறதால வெட்டுறதும் சுலபம். ஏர்ஃபாயிலுக்கு கிளார்க் ஒய் போதும், அடிப்பக்கம் பெரும்பாலும் தட்டையா இருக்கும், மேஜை மேல வச்சே ஒட்டிடலாம்.

இப்ப கணக்கு. எடையை மோசமான நிலைக்கு, அதாவது 2 கிலோவுக்கே போடுவோம், 19.6 நியூட்டன். காத்து அடர்த்தி புத்தகத்துல 1.225-ன்னு இருக்கும், அது 15 டிகிரிக்கு. நம்ம ஊர் மதியம் 35 டிகிரியில கடல் மட்டத்துலயே சுமார் 1.15-தான். சிஎல் மேக்ஸ், அதாவது விங் தரக்கூடிய உச்ச லிஃப்ட் எண், 1.2-ன்னு வைங்க, இந்த சைஸ் விங்ல ரெனால்ட்ஸ் நம்பரே (விங் சைஸையும் வேகத்தையும் காத்தோட பிசுக்குத்தன்மையோட ஒப்பிடுற எண்) சாதாரணமா பறக்குற வேகத்துல 2 லட்சம் சொச்சம்தான் வரும், பெரிய விமானத்துக்குப் போட்ட கிராஃப்ல இருந்து 1.5, 1.6-ன்னு தூக்கிட்டு வராதீங்க. எடையை ரெண்டால பெருக்கி, அதை அடர்த்தி, பரப்பு, சிஎல் மேக்ஸ் மூணோட பெருக்கல் தொகையால வகுத்து, ஸ்கொயர் ரூட் எடுத்தா செகண்டுக்கு 8.7 மீட்டர், மணிக்கு 31 கிலோமீட்டர் மாதிரி. அதுதான் ஸ்டால் ஸ்பீட்.

இதுல இருந்து மத்ததெல்லாம் வரும். டேக் ஆஃப் அதை விட 20 சதவீதம் மேல, 10.4. க்ரூஸ், அதாவது சாதாரணமா நேரா பறக்குற வேகம், 14-ன்னு வைப்போம். ஒரு விஷயம் மட்டும் சுவத்துல எழுதி ஒட்டுங்க: 45 டிகிரி சாஞ்சு திரும்பும்போது ஸ்டால் ஸ்பீட் 19 சதவீதம் ஏறும். 8.7 இருந்தது 10.3 ஆயிடும். லேண்டிங்குக்கு வேகத்தைக் குறைச்சு 10-ல வந்துட்டு, ரன்வேயைத் தாண்டிட்டமேன்னு பதறி இறுக்கமா திருப்பினா அங்கேயே ஒரு விங் கீழ போயிடும்.

3. எவ்வளவு பவர் வேணும்

சீரோ லிஃப்ட் டிராகுக்கு, அதாவது லிஃப்ட் இல்லாதப்பவும் இருக்குற காத்துத் தடைக்கு, 0.04 போடுங்க, சக்கரம், பெட்டி மாதிரி உடம்பு எல்லாம் இருக்குற விமானத்துக்கு இது நியாயமான ஆரம்பம். ஆஸ்வால்ட் எஃபிஷியன்சி, அதாவது விங் எவ்வளவு வீணாக்காம லிஃப்ட் தருதுங்கிற எண், 0.8. 14-ல பறக்கும்போது சிஎல் (லிஃப்ட் எண்) 0.46 வரும், சிடி (டிராக் எண்) 0.054, டிராக் 2.3 நியூட்டன். வேகத்தால பெருக்கினா 32 வாட்.

என்னடா 32 வாட்தானான்னு தோணும். அது காத்துக்குப் போய்ச் சேர வேண்டியது. ப்ரொப் 60 சதவீதம், மோட்டார் 75, ஈஎஸ்சி 95, மூணையும் பெருக்கினா 43 சதவீதம்தான் மிச்சம். அப்ப பேட்டரில இருந்து 75 வாட் உறியணும், எலக்ட்ரானிக்ஸுக்கு ஒரு 10 சேத்து 85-ன்னு வச்சுக்குங்க.

வேகத்தை மாத்தினா என்ன ஆகும்னு அதே ஷீட்ல இழுத்துப் பாருங்க, இது ரொம்ப முக்கியம். 12-ல அந்த 32 வாட் 25 ஆகும், 20-ல 75 ஆகும். கணக்குப்படி டிராக் ரொம்பக் குறைவா இருக்குறது 11 பக்கத்துல. அப்ப 11-லயே பறக்கலாமேன்னு கேப்பீங்க, பேப்பர்ல சரி, ஆனா ஸ்டாலுக்கும் அதுக்கும் நடுவுல ரெண்டு மீட்டர் சொச்சம்தான் இருக்கு, பின்னாடி இருந்து ஒரு காத்து தள்ளினா அந்த இடைவெளி போச்சு. அதான் 14, கொஞ்சம் பேட்டரியைக் கொடுத்துப் பாதுகாப்பை வாங்குறோம்.

ஏறுறதுக்குத் தனி. செகண்டுக்கு 3 மீட்டர் ஏறணும்னா எடையை 3-ஆல பெருக்குங்க, 59 வாட் கூடுதல். ரெண்டும் சேந்து 91, ஏறும்போது ப்ரொப் எஃபிஷியன்சி இன்னும் குறையும், அதனால பேட்டரில இருந்து 210-க்கு மேல எதிர்பாருங்க.

4. மோட்டார், ப்ரொப், பேட்டரி

இது மூணையும் ஒண்ணாத்தான் வாங்கணும், தனித்தனியா ஆஃபர்ல கிடைச்சதை வாங்கினா ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகாது. 4 செல் லிப்போ, 14.8 வோல்ட். 900 கேவி, அதாவது ஒரு வோல்ட்டுக்கு 900 ஆர்பிஎம் சுத்துற மோட்டார்னா லோடு இல்லாம 13,300 ஆர்பிஎம், ப்ரொப் மாட்டினா சுமார் 10,000. 10-க்கு 6 ப்ரொப்ல (10 இன்ச் விட்டம், ஒரு சுத்துக்கு 6 இன்ச் முன்னாடி போற பிட்ச்) அந்த 6 இன்ச் பிட்ச்சை ஆர்பிஎம்மால பெருக்கினா பிட்ச் ஸ்பீட் செகண்டுக்கு 25 மீட்டர். உங்க க்ரூஸ் 14, அதுக்கு நல்லா மேல இருக்கு, ஓகே. பிட்ச் ஸ்பீட் க்ரூஸை ஒட்டி வந்தா தரையில இழுவை பிரமாதமா காட்டும், மேல போனதும் மூச்சு வாங்கும்.

5000 மில்லி ஆம்பியர் ஹவர் பேட்டரில 74 வாட் ஹவர் இருக்கு. 80 சதவீதம்தான் எடுக்கணும், 59. அதை 85-ஆல வகுத்தா 41 நிமிஷம் வருது. ரிப்போர்ட்ல 41-ன்னு எழுதிடாதீங்க! டேக் ஆஃப், ஏற்றம், திருப்பம், எதிர்க்காத்து எல்லாம் தின்னும், 30-ன்னு ப்ளான் பண்ணுங்க. லேபிள்ல போட்டிருக்குற சி ரேட்டிங்கை (பேட்டரி எவ்வளவு கரன்ட் தர முடியும்னு சொல்ற எண்) பாதியா எடுத்துக்கங்க, அது மார்க்கெட்டிங்காரன் எழுதினது.

5. சிஜியும் வாலும்

சிஜியை, அதாவது விமானத்தோட எடை மையத்தை, விங்கோட முன் விளிம்புல இருந்து கார்ட்ல 28 சதவீதத்துல வைங்க, நம்ம விங்குக்கு 7 சென்டிமீட்டர். படுக்கை வாலை விங்ல இருந்து 75 சென்டிமீட்டர் பின்னாடி வச்சா அதோட பரப்பு 0.0625 சதுர மீட்டர் வேணும், விங்ல ஆறுல ஒரு பங்கு, வால் எவ்வளவு நல்லா நிலைநிறுத்தும்னு சொல்ற வால்யூம் கோஎஃபிஷியன்ட் 0.5 வரும். தேஜஸ் மாதிரி விமானத்துல வேணும்னே ஸ்டெபிலிட்டியைக் குறைச்சு வச்சிருக்காங்களேன்னு யாராவது கேப்பாங்க, அதுல நாலு சேனல் டிஜிட்டல் ஃப்ளை பை வயர் (கம்ப்யூட்டர் வழியா நடக்குற கன்ட்ரோல்) உக்காந்து ஒவ்வொரு நொடியும் திருத்திக்கிட்டே இருக்கு. உங்ககிட்ட இருக்குறது ஒரு 80 கிராம் சர்வோ கூட்டம், சிஜியை முன்னாடியே வைங்க.

இங்கதான் இன்டெக்ரேஷனும் பெர்ஃபார்மன்ஸும் கை கோக்குது. அரை கிலோ பேட்டரியை 4 சென்டிமீட்டர் நகத்தினா மொத்த சிஜி ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல நகரும், அது கார்ட்ல 4 சதவீதம். அதனால பேட்டரி அறையைப் பேட்டரியை விட 8 சென்டிமீட்டராவது நீளமா கட்டுங்க. நகத்த இடம் இல்லாத டீம்தான் மூக்குல ஈயத்தை ஒட்டும், 100 கிராம் ஈயம்னா அது பேட்டரியா இருந்திருந்தா ஆறு நிமிஷம் கூட பறந்திருக்கும்.

6. வயரிங்

இங்க கொஞ்சம் நிதானமா போவோம், அதிகமா விமானத்தைக் கீழ போடுறது இந்த இடம்தான்.

பேப்பர்ல பவர் மரம் ஒண்ணு வரைங்க. பேட்டரி, அதுல இருந்து பவர் மாட்யூல், அங்க இருந்து ஒரு கிளை ஈஎஸ்சி மோட்டாருக்கு, ஒரு கிளை ஆட்டோபைலட்டுக்கு, ஒரு கிளை சர்வோவுக்கு. ஒவ்வொரு கிளைலயும் வோல்டேஜ், சாதாரண ஆம்பியர், உச்ச ஆம்பியர் எழுதணும். சர்வோ சும்மா இருக்கும்போது ஒண்ணும் எடுக்காது, நாலும் ஒரே நேரம் முட்டி நின்னா நாலஞ்சு ஆம்பியர் கேக்கும். அதே 5 வோல்ட் லைன்ல ஆட்டோபைலட்டையும் மாட்டியிருந்தா வோல்டேஜ் படக்குன்னு இறங்கி ஆட்டோபைலட் நடுவானத்துல ரீஸ்டார்ட் ஆகும். சர்வோவுக்குத் தனி ரெகுலேட்டர் போடுங்க, 30 கிராம் கூடும், ஷீட்ல ஏத்துங்க.

அடுத்து யாரை யார் பக்கத்துல உக்கார வைக்கிறதுங்கிறது. பேட்டரில இருந்து ஈஎஸ்சிக்குப் போற வயர்ல 20, 25 ஆம்பியர் ஓடும், அதைச் சுத்தி காந்தப்புலம் இருக்கும், பக்கத்துல காம்பஸ் இருந்தா அதுக்கு வடக்கு எதுன்னே தெரியாது. ப்ளஸ் மைனஸ் ரெண்டு வயரையும் ஒண்ணோட ஒண்ணு முறுக்கி விடுங்க, ஒண்ணோட புலத்தை இன்னொண்ணு பெரும்பாலும் அடிச்சுடும். காம்பஸ் இருக்குற ஜிபிஎஸ் மாட்யூலை விங் மேலயோ பின்பக்கமோ தள்ளி வைங்க. ஆர்டுபைலட்ங்கிற ஆட்டோபைலட் சாஃப்ட்வேர்ல ஃபிக்ஸட் விங்கை காம்பஸ் இல்லாமயே பறக்க விடலாம், ஜிபிஎஸ் வச்சே திசையை எடுத்துக்கும், தொல்லை பண்ணா அணைச்சுடுங்க. வீடியோ ட்ரான்ஸ்மிட்டர் ஜிபிஎஸ்ல இருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது, அதுக்குக் காத்து பட ஒரு ஓட்டையும் வேணும், தரையில சும்மா ஆன் பண்ணி வச்சா சூட்டுலயே செத்துடும்.

காத்து வேகத்தை அளக்குற பிடாட் ட்யூபை ப்ரொப் காத்துக்குள்ள வைக்காதீங்க, விங்ல பாதி தூரம் தள்ளி, முன் விளிம்புக்கு முன்னாடி நீட்டி வைங்க. சுத்தி இருக்குற காத்தழுத்தத்தை எடுக்குற ஸ்டாட்டிக் ஓட்டையை யாரும் கண்டுக்க மாட்டாங்க. 1996 அக்டோபர் 2-ம் தேதி ஏரோபெரு 603, போயிங் 757, லிமாவில இருந்து கிளம்புச்சு, விமானத்தைக் கழுவினப்ப ஸ்டாட்டிக் போர்ட் மேல ஒட்டின டேப்பை எடுக்காம விட்டுட்டாங்க. வேகம், உயரம், ஏறுற இறங்குற வேகம் எல்லாமே அந்த ஓட்டையை நம்பி இருந்ததால எல்லாம் சேந்து பொய் சொன்னுச்சு, ராத்திரி நேரம், கடல் மேல, 70 பேரும் போயிட்டாங்க.

அதனால இன்னொரு ஷீட் போடுங்க. முதல் காலம் சென்சார், ரெண்டாவது அதை யார் யார் நம்புறாங்க, மூணாவது அது பொய் சொன்னா விமானம் என்ன பண்ணும். 737 மேக்ஸ் கதை இதே ஷீட்தான். புது எஞ்சின் பெருசு, அதை முன்னாடி தள்ளி மேல தூக்கி மாட்டினதுல, மூக்கு அதிகமா தூக்கியிருக்குற நிலையில விமானம் நடந்துக்கிற விதம் மாறுச்சு, அதைச் சரிக்கட்ட எம்கேஸ்னு ஒரு சாஃப்ட்வேர் வால் ட்ரிம்மைத் திருப்பி மூக்கை இறக்கும். விமானத்துல ரெண்டு ஏஓஏ சென்சார் (வர்ற காத்துக்கு மூக்கு எவ்வளவு தூக்கியிருக்குன்னு பாக்குறது) இருந்தும் அது ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும்தான் கேட்டுச்சு. 2018 அக்டோபர்ல லயன் ஏர், 2019 மார்ச்ல எத்தியோப்பியன், ரெண்டுலயும் சேத்து 346 உயிர். எஞ்சின்காரங்க, ஏரோடைனமிக்ஸ்காரங்க, சாஃப்ட்வேர்காரங்க எல்லாருக்கும் அவங்கவங்க வேலை தெரியும், மூணாவது காலத்தை ஒழுங்கா நிரப்பாம விட்டாச்சு. உங்க விமானத்துல ஏர்ஸ்பீட் சென்சார் சீரோ காட்டினா ஆட்டோபைலட் த்ராட்டிலை முழுசா தள்ளுமா, மூக்கை இறக்குமா? பதில் தெரியலன்னா முதல் ஃப்ளைட்ல ஏர்ஸ்பீடைப் பதிவு (லாக்) மட்டும் பண்ணுங்க, கன்ட்ரோலுக்குக் கொடுக்காதீங்க.

7. மேஜை மேல டெஸ்ட்

ப்ரொப்பைக் கழட்டி வச்சுட்டுத்தான் இந்த வேலை, விரல் முக்கியம்.

ஒரு நேரத்துல ஒரு சிஸ்டம்தான் சேக்கணும். ரிசீவரும் சர்வோவும் ஓடுதா, அப்புறம் ஆட்டோபைலட், அப்புறம் ஜிபிஎஸ், அப்புறம் டெலிமெட்ரி, கடைசில வீடியோ. ஒவ்வொண்ணு சேத்ததும் பழையதெல்லாம் இன்னும் வேலை செய்யுதான்னு பாருங்க, குறிப்பா வீடியோ ஆன் ஆனதும் சாட்டிலைட் எண்ணிக்கை குறையுதான்னு.

திசை செக் ரெண்டு விதம், நிறைய பேர் ஒண்ணோட நிறுத்திடுவாங்க. மேனுவல் மோட்ல ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளினா வலது ஐலெரான் மேல போகணும். அப்புறம் ஸ்டெபிலைஸ் மோட்ல போட்டு, ஸ்டிக்கைத் தொடாம, விமானத்தைக் கையில தூக்கி வலது பக்கம் சாயுங்க: இப்ப வலது ஐலெரான் கீழ இறங்கணும், இடது மேல போகணும், அதாவது அது நேராக்கப் பாக்குது. மூக்கைத் தூக்கினா எலிவேட்டர், அதாவது படுக்கை வால்ல அசையுற பலகை, கீழ போகணும். முதல் செக் பாஸாகி ரெண்டாவது தலைகீழா இருந்தா, மோட் மாத்தின அடுத்த நொடி விமானம் தானே கவுந்துடும்.

டிரான்ஸ்மிட்டரை அணைங்க, மோட்டார் நிக்கணும், சர்வோ நீங்க முன்னாடியே செட் பண்ண நிலைக்குப் போகணும். அப்புறம் ப்ரொப் மாட்டி, விமானத்தைக் கட்டிப் போட்டு, ஒரு நிமிஷம் முழு த்ராட்டில். ஆம்பியர், வோல்டேஜ், மோட்டார் சூடு மூணையும் குறிச்சுக்கங்க, ஒரு வாட் மீட்டரைத் தொடர்ல மாட்டி பவர் மாட்யூல் காட்டுற ஆம்பியர் சரியான்னும் பாருங்க. இந்த நம்பர் தப்பா இருந்தா அடுத்து பண்ணப்போற எல்லா பெர்ஃபார்மன்ஸ் கணக்கும் தப்பு. இழுவையை ஒரு தொங்கு தராசு வச்சு அளக்கலாம், எடைல பாதிக்குக் கீழ வந்தா கிரவுண்டுக்குப் போகாதீங்க.

8. முதல் ஃப்ளைட்டும் லாகும்

காலைல 6, 6.30 மணி, காத்து அசையாத நேரம். கேமரா வேண்டாம், அதே எடைக்கு ஒரு கட்டை கூட வேண்டாம், ஆனா அதனால நகர்ற சிஜியை பேட்டரியை நகத்திச் சரி பண்ணிடுங்க. மேனுவல் மோட். ஏறி 60, 70 மீட்டருக்குப் போய், ஸ்டிக்கை விட்டாலும் நேரா பறக்குற மாதிரி ட்ரிம் பண்ணுங்க (கிரீன் ஸோன்ல பொதுவா உச்சவரம்பு 120 மீட்டர், ஏர்போர்ட்டுக்கு 8-ல இருந்து 12 கிலோமீட்டர் தூரத்துல 60 மீட்டர்தான்). அங்கேயே த்ராட்டிலைக் குறைச்சு மெதுவா மூக்கைத் தூக்கி ஸ்டால் எப்படி வருதுன்னு பாத்துக்கங்க, நேரா மூக்கு விழுதா, ஒரு பக்கம் சாயுதா. கீழ இறங்கும்போது இது தெரிஞ்சிருக்கணும்.

ரெண்டாவது ஃப்ளைட்ல அளவு எடுங்க. 14-ல ரெண்டு நிமிஷம் நேரா ஒரு திசை, ரெண்டு நிமிஷம் எதிர் திசை, ஜிபிஎஸ் வேகம் ரெண்டையும் சராசரி எடுத்தா காத்தோட பங்கு பெரும்பாலும் கழிஞ்சுடும். அப்ப பேட்டரி வாட் எவ்வளவு? 85 எதிர்பாத்தோம். 110 காட்டினா கோளாறு டிராக்லயா ப்ரொப்லயான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? மோட்டாரை அணைச்சு அதே 14-ல கிளைட் பண்ணுங்க. நம்ம கணக்குப்படி லிஃப்ட் டு டிராக் 8.5, அப்ப செகண்டுக்கு 1.65 மீட்டர் இறங்கணும். லாக்ல 2.3 வந்துச்சுன்னா நிஜத்துல 6-தான் இருக்கு, டிராக்தான் குத்தவாளி, போய் சக்கரம், வெளிய தொங்குற வயர், விங்கும் உடம்பும் சேர்ற இடத்து இடுக்கு எல்லாம் பாருங்க. சுத்திக்கிட்டே இருக்குற ப்ரொப்பும் கிளைட்ல கொஞ்சம் டிராக் சேக்கும், அதை மடிக்கிற ப்ரொப் மாட்டியோ பிரேக் ஆன் பண்ணியோ தனியா பிரிக்கலாம். கிளைட் 1.7 பக்கத்துல நல்லா வந்து, பவர் மட்டும் 110-ன்னா ப்ரொப்பை மாத்துங்க, ஒரு சைஸ் பெருசு, பிட்ச் கொஞ்சம் குறைச்சல்னு ஆரம்பிங்க, ஆம்பியர் ஈஎஸ்சி வரம்புக்குள்ள இருக்கான்னு திரும்ப மேஜைல பாத்துட்டு.

மூணாவதுதான் கேமராவோட. மாட்டினதும் திரும்பத் தராசு, திரும்ப சிஜி, திரும்ப சாட்டிலைட் எண்ணிக்கை. கணக்குல போட்ட 0.04-ஐ அழிச்சுட்டு லாக்ல வந்த நம்பரை அதே செல்லுல போட்டு, பறக்குற நேரம் எவ்வளவு வருதுன்னு பாருங்க. ரிப்போர்ட்டுக்குப் போக வேண்டியது அந்த நேரம்தான், 30-க்குக் கீழ வந்தாலும் அதையே எழுதுங்க, வைவால கேள்வி கேட்டா லாகைத் திறந்து காட்டலாம்.